இரைமீனின் மூச்சு

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

விரால் தூண்டிலுக்கு உயிருள்ள சிறு மீனே சிறந்த இரை என்பது ஏரிக்கரை ஊர்களில் பிறந்தோர் அறிந்ததே. முள்ளில் துடிக்கும் கெண்டைக் குஞ்சைக் கண்டால் விரால் பாய்ந்து வந்து கவ்வும். ஆகவே, தூண்டில்காரரின் அன்றைய வரும்படி, இரைமீனை விடியும்வரை உயிரோடு வைத்திருப்பதைப் பொறுத்தது.

சென்ற கோடை விடுமுறையில் இதை நான் பட்டறிந்தேன். என் தாய்மாமா விரால் பிடித்து விற்பவர். வாய்க்காலில் பிடித்த ஐம்பது கெண்டைக் குஞ்சுகளை என்னிடம் கொடுத்து, "காலைவரைக்கும் பாத்துக்க மாப்ளே" என்றார். நான் அவற்றை ஒரு குடத்தில் விட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பி, பசிக்குமே என்று ஒரு பிடி சோற்றையும் போட்டு வைத்தேன். விடிந்து பார்த்தால் அத்தனையும் வயிறு மேலாக மிதந்தன. பக்கத்தில் ஒரு குண்டானில், கொஞ்சம் தண்ணீரில், முந்தின நாள் பிடித்த விரால் மட்டும் உயிரோடு கிடந்தது. மாமா கோபிக்கவில்லை. "பசியால சாகல மாப்ளே, மூச்சு முட்டிச் செத்திருக்கு" என்று சொல்லித் தூண்டில்களைக் கூரையில் செருகிவிட்டார். அன்று அவருக்கு வருமானம் இல்லை.

விரால் பிழைத்ததும் கெண்டை மடிந்ததும் ஏன்? விராலுக்குச் செவுள்களோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணை உறுப்பும் உண்டு. கெண்டைக் குஞ்சோ நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை மட்டுமே நம்பி வாழ்வது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் ஏறினால் மீனின் தேவையோ கூடுகிறது. நம் கோடையில் இரைமீன் எளிதில் மடிவதன் காரணம் இதுவே.

காற்று நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாக. எனவே, வாய் குறுகிய குடத்தைவிட வாயகன்ற தொட்டியே ஏற்றது. அதை நிழலில் வைக்க வேண்டும். காற்றுக் குழாய் பொருத்தினால் மிகவும் நல்லது. மின்சாரம் இல்லாத இடத்தில், செம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றலாம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தொட்டியில் கூட்டம் அதிகம் என்று பொருள். உடனே பாதியை வேறு தொட்டிக்கு மாற்றுக.

அடுத்த பகை கழிவு. மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். இரண்டொரு நாள் தொட்டியில் அவற்றின் உதவியை எதிர்பார்க்க இயலாது. ஆகவே நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றுக. அந்த ஓரிரு நாளும் உணவே வேண்டாம். பட்டினியை மீன் தாங்கும். நான் இரக்கப்பட்டுப் போட்ட சோறு அழுகி, இருந்த பிராணவாயுவையும் தின்றுவிட்டது.

குழாய் நீரிலுள்ள குளோரின் செவுள்களை அரிக்கும். அந்நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். மீன் பிடித்த இடத்து நீரையே கொண்டுவருவது இன்னும் நலம். புது நீரைச் சிறிது சிறிதாகக் கலந்தால் வெப்பமாற்றத்தின் அதிர்ச்சி இராது. உலர்ந்த கையால் மீனைத் தொட்டால் அதன் வழவழப்புப் படலம் உரிந்து, அவ்விடத்தில் பஞ்சு போன்ற பூஞ்சை பற்றும். நனைந்த மெல்லிய வலையால் அள்ளுவதே முறை. இறந்ததை உடனே அகற்றுக.

இன்னொன்றும் கூற வேண்டும். வேற்றூர் நீரிலிருந்து கொண்டுவந்த மீன் மிஞ்சினால், அதை நம் ஏரியில் கொட்டலாகாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, பின்னர் எத்தனை நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்கியது என்பதை நாம் அறிவோம்.

மறுவாரம் மாமா மீண்டும் குஞ்சுகளைத் தந்தார். இருபதை மட்டும் வாயகன்ற தொட்டியில், வாய்க்கால் நீரில் விட்டேன்; சோறு போடவில்லை. இரவில் மும்முறை எழுந்து நீரை மொண்டு ஊற்றினேன். விடியலில் பதினெட்டு நீந்திக்கொண்டிருந்தன. முள்ளில் கோக்கப்போகும் உயிர்தானே என்று சிலர் கேட்கலாம். பயனின்றி மடிந்த அந்த ஐம்பதை எண்ணும்போது, எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.