நொண்டாத நொண்டிக் குதிரை!

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்று ஒரு பழமொழி உண்டு. வேலைக்குக் கள்ளம் செய்கிறவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்கிறோம். ஆனால் குதிரை சாக்குச் சொல்லுமா? சொல்லாது. அது செய்வது நேர் எதிரான காரியம். இருக்கிற வலியையும் மறைக்கிறது!

குதிரை புல் தின்னும் சாதுப் பிராணி. வெட்டவெளியில் நொண்டிக் காட்டினால் ஓநாய்க்கு இரையாக வேண்டியதுதான். அந்தப் பயம் லாயத்துக்கு வந்த பிறகும் போகவில்லை. வலிக்கும் காலின் பாரத்தை மற்றக் கால்களுக்கு மாற்றிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் நடக்கிறது.

தலையைப் பாருங்கள்!

முன்னங்கால் வலியைக் கண்டுபிடிக்கக் காலை மட்டும் பார்த்தால் போதாது. தலையைப் பார்க்க வேண்டும்! சேணம் இல்லாமல், கெட்டித் தரையில், நேராக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். 'ட்ராட்' என்ற துள்ளோட்டம்தான் இதற்கு ஏற்றது. வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்காலில் வலி என்றால், இடுப்பு ஒரு பக்கம் அதிகமாக ஏறி இறங்கும்.

லேசான நொண்டல் என்றால் கைதேர்ந்த வைத்தியர்களே தடுமாறுவார்கள். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியாயிற்று. நொண்டல் தெளிவாக இருந்தபோது வைத்தியர்கள் 100க்கு 93 தடவை ஒரே முடிவைச் சொன்னார்கள். லேசாக இருந்தபோதோ 62 தடவைதான்! காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடுமே!

முரட்டுக் குதிரையா?

இரண்டு முன்னங்கால்களும் ஒரே அளவு வலித்தால் தலையும் ஆடாது. அடி மட்டும் குறுகும். சில வலிகள் ஆள் ஏறினால்தான் வெளிப்படும். ஒரு பக்கம் திரும்ப மறுக்கும். வேகம் எடுக்காது. "சோம்பேறி", "முரடு" என்று பட்டம் கிடைக்கும். பிறகு சவுக்கு!

இங்கிலாந்தில் நியூமார்க்கெட் நகரில் பல ஆண்டுகள் பணியாற்றிய குதிரை வைத்தியர் சூ டைசன் அம்மையார், இந்த 'முரட்டுத்தனத்தை' ஆராய்ந்தார். காதைப் பின்னால் மடக்குவது, வாயைத் திறப்பது, வாலைச் சுழற்றுவது, வெறித்துப் பார்ப்பது என்று 24 அடையாளங்களைத் தொகுத்தார். சவாரியின்போது 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் வலி இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும் என்கிறார். 2014இல் அவரும் ஒரு சகாவும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் திடுக்கிட வைக்கும். நன்றாக இருப்பதாக நம்பிச் சவாரி செய்யப்பட்ட 506 குதிரைகளில் ஏறக்குறைய பாதிக்கு நடையில் கோளாறு இருந்தது!

சேணம் ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கிறதா? சேணம் தைத்தவரைத் திட்டாதீர்கள். கோளாறு பின்னங்காலில் இருக்கலாம்.

ஊசி சொல்லும் உண்மை

பல் பிடுங்குமுன் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதே மாதிரி ஊசியைக் குதிரையின் காலில் போடுகிறார்கள். முதலில் குளம்பின் பக்கம். பிறகு படிப்படியாக மேலே. எந்த இடம் மரத்ததும் நடை சீராகிறதோ, வலி அந்த இடத்தில்! அதன் பிறகுதான் எக்ஸ்ரேயும் ஸ்கேனும். ஊசி போட்ட சற்று நேரத்தில், அதே ஆள் ஏறினாலும் 'முரட்டுக் குதிரை' சாதுவாக ஓடுவதைப் பார்க்கலாம்.

குதிரை வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன? தினமும் குளம்பைத் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். கால் தசைநாணில் வீக்கம் உண்டா என்று தடவிப் பாருங்கள். சமீபத்தில் லாடம் அடித்திருந்தால் ஆணி இடம் மாறி இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். நடை நன்றாக இருக்கும்போதே செல்போனில் படம் பிடித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட உதவும். வைத்தியர் பார்க்குமுன் நீங்களாக வலி மருந்து கொடுக்காதீர்கள். அது நோயை மறைத்துவிடும்.

குதிரையை வாயில்லா ஜீவன் என்கிறோம். ஆனால் அதன் காதும் வாலும் தலையும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. நேற்றுவரை சொன்னபடி கேட்ட குதிரை இன்று மறுக்கிறதா? சவுக்கை எடுக்காதீர்கள். வைத்தியரைக் கூப்பிடுங்கள்!