ஆவணக் காப்பில் மணமும் சிதைவும்: தஞ்சைச் சூழலை முன்வைத்து

‘நாற்றம்’ என்பது பழைய வழக்கில் நறுமணத்தையும் குறித்த சொல். ஆவணக் காப்பாளர்க்கு அப்பழம்பொருளே பொருந்தும். தாள்கட்டிலிருந்து எழும் இனிய மணமும் சிதைவின் அறிகுறியாகலாம்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதும், வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியைக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து வைப்பதும் நன்கறியப்பட்ட மரபு. இவற்றின் நோக்கம் பூச்சிகளை விலக்குவது. இம்முறையைத் தாளுக்கும் படச்சுருளுக்கும் நீட்டும்போது, சிதைவு வெளியிடும் மெல்லிய மணம் மருந்தின் மணத்துள் அமிழ்ந்துவிடுகிறது. நாப்தலின் உருண்டை இதனினும் கேடானது. அது பணியாளரின் உடல்நலத்தையும் தாக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மரக்கூழால் செய்யப்பட்ட தாளில் லிக்னின் சிதைந்து வெனிலின் உண்டாகிறது. செல்லுலோஸ் சிதைவில் வாதுமை மணமுடைய ஃபர்ஃபுரால் பிறக்கிறது. இவற்றோடு புளிப்பும் சேர்ந்தால் அமிலத்தன்மையைச் சோதிக்கவேண்டும். காற்றாட வைப்பதால் மணம் குறையும், அமிலம் நீங்காது. அமிலநீக்கம் செய்யுமுன் மை நீரில் கரையுமா என்று பார்ப்பது இன்றியமையாதது. ஈரமண் மணம் வேறு வகை. அது பூஞ்சையைக் காட்டுவது. வடகிழக்குப் பருவமழையின்போது டெல்டாவில் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைக் கடப்பது இயல்பாதலால் அம்மணமே மிகுதி. அத்தகைய கட்டைத் தனிமைப்படுத்தி, நிழலில் உலர்த்தி, முகக்கவசத்தோடு துடைக்கவேண்டும். முகத்தருகே கொண்டுசென்று முகர்தல் கூடாது.

படச்சுருளில் நிலைமை இன்னும் கடுமையானது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய அசிட்டேட்டுப் படச்சுருள் சிதைவதாகப் பத்தாண்டுக்குள் வந்த முதல் அறிக்கை இந்திய அரசினுடையது. வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் அச்சுருள்கள் வைக்கப்பட்டிருந்தன. வினிகர் சிண்ட்ரோம் எனப்படும் இச்சிதைவில் வெளிப்படும் அசிட்டிக் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். இறுக மூடிய தகரப் பெட்டி அதனை விரைவுபடுத்தும். சுவடிகளின் நுண்படச் சுருள்களிலும் 1980களின் தொடக்கம்வரை அசிட்டேட்டு பயன்பட்டதால், மூலம் நலமாயிருக்கப் படி அழியும் நிலை நேரலாம். நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகும் சோதனைத்தாள், மூக்கு உணருமுன்பே இதனைக் காட்டிவிடும். புளிப்பு மணமுள்ள சுருளைப் பிறவற்றினின்று பிரித்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து எண்ணிமமாக்கவேண்டும். நைட்ரேட்டுச் சுருளின் கார நெடி தீ அபாயத்தைக் குறிப்பது. 2003இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத் தீயில் நைட்ரேட்டுச் சுருள்கள் எரிந்தன.

எனவே மருந்து முடிச்சை மாற்றும் நாளில், புதியதை வைப்பதற்குமுன் பேழையைத் திறந்து எழும் மணத்தை நாளோடும் கட்டு எண்ணோடும் குறிப்பேட்டில் பதியவேண்டும். மழைக்காலத்திற்கு முன்பும் பின்பும் இப்பதிவு தேவை.