பழைய வானொலியிலிருந்து ஒலிவிரியலாக்கி

1947 ஆம் ஆண்டு ஏப்பிரலில், இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேள்ட்' சஞ்சிகையில் டி. ரி. என். வில்லியம்சன் என்பார் வெளியிட்ட விரியலாக்கிச் சுற்று, வீட்டிலேயே அக்கருவியை அமைக்க விழைந்தோர்க்குப் பெருவழிகாட்டியாயிற்று. அதன் சிறப்புக்கும் செலவுக்கும் ஒருங்கே காரணமாயிருந்தது வெளியீட்டு மாற்றியாகும். மெல்லிய செப்புக் கம்பியைப் பகுதி பகுதியாகச் சுற்றி, இரும்புத் தகடுகளை அடுக்கி அமைக்கும் அப்பொருள் மலிவாகக் கிடைப்பதன்று. சிக்கனமாக விரியலாக்கி அமைப்போர் பழைய வால்வு வானொலியை நாடுதற்குக் காரணமும் இதுவே. அலைவாங்கும் பகுதி பழுதுற்றிருப்பினும், வலுமாற்றி, வெளியீட்டு மாற்றி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் அப்பெட்டியினுள் ஒன்றுக்கொன்று பொருந்தியனவாய்க் கிடைத்தல் கூடும்.

ஐரோப்பிய வானொலிகளிற் பெரிதும் பயன்பட்ட ஈ.எல். 84 என்னும் வால்வை எடுத்துக்கொள்க. அனோட்டுக்கு 250 உவோற்று அளிப்பின் அது ஏறத்தாழ 5 உவாற்று ஒலிவலுவைத் தரும். வகுப்பறை ஒன்றுக்கு அது போதும். அவ்வால்வு வேண்டும் சுமை 5,200 ஓம். ஒலிபெருக்கியின் சுருளோ 3 ஓம் அளவினது. மின்தடங்கல், மாற்றியின் சுற்றுவிகிதத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுமாதலின், 42க்கு 1 என்னும் விகிதமுடைய மாற்றி இவ்விரண்டையும் இணைக்கும். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கப்படின், இக்கணக்கை அப்பெட்டியைச் செய்தோர் முன்னரே முடித்துவைத்துள்ளனர்.

ஆயினும் பழையன யாவும் பேணத்தக்கன அல்ல. இரும்பும் செம்பும் கண்ணாடியும் நெடுங்காலம் நிலைப்பன. கடதாசியும் இரசாயனப் பசையும் அவ்வாறல்ல. கடையிற் கொண்டென்சர் எனப்படும் ஒடுக்கிகள் இப்பின்னவற்றால் ஆனவை. முதல் வால்வின் அனோட்டையும் வெளியீட்டு வால்வின் நெய்யரியையும் இணைக்கும் கடதாசி ஒடுக்கியே இவற்றுள் மிகக் கொடியது. ஒலியின் ஆடலோட்டத்தை விட்டு, நேரோட்டத்தைத் தடுத்தல் அதன் கடமை. முதுமையால் அது 10 மைக்கிரோ அம்பியர் மாத்திரம் கசியவிடுகின்றதெனக் கொள்க. நெய்யரித்தடை 4,70,000 ஓம் எனின், அதன் குறுக்கே 4.7 உவோற்று தோன்றும். கதோட்டைவிட 7.3 உவோற்று தாழ்ந்திருக்க வேண்டிய நெய்யரி இதனால் உயர, வால்வு அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தை இழுத்துச் சூடேறும். முடிவில் எரிவது பெறுதற்கரிய அம்மாற்றி. சில சதங்களை மிச்சம்பிடிக்க எண்ணிப் பழைய ஒடுக்கியை விட்டுவைப்பதைச் சிக்கனம் என்பது பொருந்தாது. பழமை மாறாதிருக்க வேண்டுமென விரும்புவோர் அதன் வெற்றுக்கூட்டினுள் புதியதைப் பொதிந்து வைக்கலாம். வடிகட்டும் மின்பகு ஒடுக்கிகளையும் மாற்றுதல் வேண்டும். அவை உலர்ந்தால், 50 சுற்று மின்வழங்கலில் முழுவலைச் சீராக்கம் செய்த கருவி செக்கனுக்கு 100 அதிர்வுடன் இரையும்.

பெட்டியைத் தெரிவு செய்யுமுன் வலுமாற்றி உண்டோ எனப் பார்த்தல் இன்றியமையாதது. ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட மலிவான பெட்டிகளில் அது இராது. உலோகச் சட்டகம் மின்வழங்கலின் ஒரு கம்பியோடு நேரே தொடுக்கப்பட்டிருக்கும். அத்தகைய சட்டகத்தோடு இணைத்த ஒலிவாங்கியைக் கையிலெடுப்பவர் உயிரிழக்கவும் கூடும். ஆதலால் மாணவர் அவற்றைத் தொடாது விடுதல் வேண்டும். வலுமாற்றி உள்ள பெட்டியிலும், மின்னை நிறுத்திய பின்னர் வடிகட்டும் ஒடுக்கிகளில் நூற்றுக்கணக்கான உவோற்று எஞ்சி நிற்கும். தடையொன்றினூடாக அதனை வெறுமையாக்கி, மானியால் அளந்த பின்னரே உள்ளே கைவைக்கலாம்.

வேலை முடிந்து முதன்முறை மின்னூட்டும்போது, 60 உவாற்று இழைக்குமிழ் ஒன்றை மின்வழியிற் தொடராக இணைப்பது பழைய திருத்துநரின் வழக்கம். குமிழ் பிரகாசித்துப் பின் மங்குமாயின் சோதனையைத் தொடரலாம். முழு ஒளியுடன் நின்றெரியின், உடனே ஆளியை நிறுத்திப் பழுதைத் தேடுதல் வேண்டும்.