சாரணர் வாக்குறுதியும் சமயமும்: பாலமுனையிலிருந்து ஒரு நோக்கு

சாரணர் இயக்கத்தில் பிள்ளையைச் சேர்ப்பதா, வேண்டாமா என்ற கேள்வி அம்பாறைக் கரையோரத்தின் பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், அட்டாளைச்சேனை போன்ற ஊர்களில் மூன்று தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வருகின்ற ஒன்றாகும். காக்கி உடுப்பும் கழுத்துத் துண்டும் எவரையும் உறுத்துவதில்லை. அதன் பின்னாலுள்ள வாக்குறுதி மார்க்கத்துக்கு முரணானதா, இரவு தங்கும் பாசறையில் தொழுகையும் உணவும் எவ்வாறு அமையும், பெண் பிள்ளைகளை யார் பொறுப்பில் அனுப்புவது என்பனவே பெற்றோரின் உண்மையான கேள்விகள். இவற்றைப் பழமைவாதம் என ஒதுக்கிவிடும் போக்கு கற்றோர் சிலரிடம் உண்டு. ஆயினும் இதே கேள்விகள் ஐக்கிய அமெரிக்காவில் உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. பிரித்தானியாவில் வாக்குறுதியின் வாசகத்தையே மாற்ற வைத்திருக்கின்றன. ஆகவே இவற்றைச் சற்று ஆழமாக நோக்குவது பொருத்தமானதாகும்.

1907 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய சிறு பாசறையிலிருந்து தோன்றிய இயக்கம் இது. ஐந்தே ஆண்டுகளில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. 1912 ஆம் ஆண்டு மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் எப். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவர் நாட்டின் முதலாவது சாரணர் குழுவை அமைத்தார். 1957 ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் சாரணர் சங்கம் கூட்டிணைக்கப்பட்டது. கிறிஸ்தவப் பாடசாலையில், ஆங்கிலேயர் ஒருவரின் கையால் தொடங்கியதால் இது கிறிஸ்தவ இயக்கம் என்றொரு எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. தொடக்கத்தைக் கொண்டு இன்றைய இயல்பைத் தீர்மானிப்பதாயின், நமது பாடசாலைகளின் பெரும்பகுதியையும் நாம் கைவிட வேண்டியிருக்கும்.

சாரணர் வணக்கத்தில் உயரும் மூன்று விரல்கள் வாக்குறுதியின் மூன்று பகுதிகளைக் குறிக்கின்றன. இறைவனுக்கும் நாட்டுக்குமான கடமை, பிறருக்கு உதவுதல், சாரணர் சட்டத்துக்குப் பணிதல் என்பனவே அவை. இவற்றுள் முதலாவது பகுதியே உலகெங்கும் சர்ச்சைக்குரியதாயிற்று. இலங்கை வாக்குறுதியில் 'கடவுள்' என்ற சொல்லின் இடத்தில் 'சமயம்' என்ற சொல்லே நிற்கின்றது. படைத்தவன் என்ற கோட்பாட்டைக் கொள்ளாத பௌத்த சமயத்தவர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இது தவிர்க்க முடியாத தெரிவாகும். பௌத்தச் சிறுவனுக்கு வழிவிட்ட அதே சொல், தமிழ் இந்துச் சிறுவனுக்கும் முஸ்லிம் சிறுவனுக்கும் வழிவிட்டது. ஒவ்வொருவனும் தனது சமயத்துக்கான கடமையை நிறைவேற்றுவதாகவே வாக்களிக்கின்றான். மற்றவனது சமயத்துக்கு எவனும் தலைவணங்க வேண்டியதில்லை. உலக சாரணர் அமைப்பின் யாப்பும் இறைவனுக்கான கடமையை ஆன்மிகக் கொள்கைகளைப் பற்றி நிற்றல், அவற்றை வெளிப்படுத்தும் சமயத்துக்கு விசுவாசமாயிருத்தல் என்றே விளக்குகின்றது.

மார்க்கம் அறிந்தோர் எழுப்பும் நுட்பமான ஆட்சேபனை வேறொன்று. அல்லாஹ்வைத் தவிர வேறெதன் மீதும் சத்தியம் செய்யலாகாது என்பது இஸ்லாத்தின் தெளிவான போதனை. அவ்வாறிருக்க, 'எனது கௌரவத்தின் மீது' எனத் தொடங்கும் வாக்குறுதியை முஸ்லிம் சிறுவன் மொழியலாமா? இக்கேள்வி நியாயமானது. இங்கு சத்தியத்துக்கும் உறுதிமொழிக்கும் உள்ள வேறுபாட்டை நோக்க வேண்டும். அமெரிக்கர் இதனைச் சத்தியம் என அழைத்தனர். பிரித்தானிய மரபு வாக்குறுதி என்றே அழைத்தது. நமது மரபும் பிந்தியதைச் சார்ந்ததே. சத்தியக் கடதாசி ஒன்றில் ஒப்பமிட்ட எவரும் இவ்வேறுபாட்டைக் கண்டிருப்பர். கிறிஸ்தவர் சத்தியம் செய்வதாகவும், பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும் பயபக்தியுடன் உறுதியுரைப்பதாகவும் நமது சட்டம் நூறாண்டுகளுக்கும் மேலாக வகைபிரித்து வந்துள்ளது. பிரித்தானியாவிலோ முஸ்லிம் சாரணர் அல்லாஹ்வின் திருநாமத்தால் தமது வாக்குறுதியைத் தொடங்க இடமளிக்கப்பட்டுள்ளது. சிறுபான்மையாக வாழும் நாட்டில் கிடைத்துள்ள இவ்வசதியை, நமது மார்க்க அறிஞர்கள் சாரணர் சங்கத்துடன் கலந்துரையாடி இங்கும் கேட்பதில் தவறேதும் இல்லை.

(இடக்கையால் கைகுலுக்கும் சாரணர் வழக்கத்தைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் தமிழரிடையேயும் உண்டு, முஸ்லிம்களிடையேயும் உண்டு. இடக்கையால் எதையும் கொடாத இரு சமூகங்கள் இவ்விடயத்தில் மாத்திரம் பூரணமாக ஒன்றுபட்டு நிற்பது கவனிக்கத்தக்கது.)

சமயமே இல்லாத பிள்ளையின் நிலை என்ன? ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் மார்க் வெல்ஷ் என்ற ஏழு வயதுச் சிறுவன், இறைவன் பெயரால் வாக்களிக்க இயலாது என்றமையால் 1989 ஆம் ஆண்டு சேர்த்துக்கொள்ளப்படவில்லை. தந்தை தொடுத்த வழக்கு 1993 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. தனியார் சங்கம் தனது அங்கத்தவரைத் தானே தெரிவு செய்யலாம் என்பதே அங்கு நிலைபெற்ற கருத்து. பிரித்தானியா மறுதிசையில் சென்றது. பெண் சாரணியர் அமைப்பு 2013 ஆம் ஆண்டு தனது வாக்குறுதியிலிருந்து கடவுள் என்ற சொல்லை நீக்கியது. சாரணர் சங்கமோ பழைய வாசகத்தை வைத்துக்கொண்டே, இறைநம்பிக்கை அற்றோருக்கு 2014 ஜனவரி முதல் மாற்று வாசகம் ஒன்றை வழங்கியது. இவ்விரண்டில் பின்னையதே சிறந்தது என்பது எமது கருத்து. நம்புவோனின் சொல்லைப் பறிக்காமல் நம்பாதோனுக்கு இடமளிப்பதே நீதியாகும். பேடன் பவலின் காலத்திலேயே இறைவனையும் மன்னரையும் குறிப்பிடாத மாற்று வாக்குறுதி ஒன்று அனுமதிக்கப்பட்டிருந்தது என்பது பலரும் அறியாத செய்தி. நமது அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையும் சிந்தனைச் சுதந்திரத்தையும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் சமயச் சுதந்திரத்துடன் சேர்த்தே உறுதிப்படுத்துகின்றது.

ஒழுக்கம் பற்றிய வழக்குகள் அமெரிக்காவில் இதனினும் கடுமையாக நடைபெற்றன. ஜேம்ஸ் டேல் என்ற உதவிச் சாரண ஆசிரியர், தாம் தன்பாலின ஈர்ப்புடையவர் எனப் பகிரங்கமாகக் கூறியமையால் 1990 ஆம் ஆண்டு நீக்கப்பட்டார். நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2000 ஜூன் மாதம் நாட்டின் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் வென்ற சங்கம் பின்னர் தானாகவே கொள்கையைத் தளர்த்தியது. 2014 முதல் தன்பாலின ஈர்ப்புடைய சிறுவர்களும், 2015 முதல் அத்தகைய தலைவர்களும் ஏற்கப்பட்டனர். 2019 இல் பெண் பிள்ளைகளும் முழுமையான சாரணர்களாயினர். நெடுங்காலம் அதன் பெரும் தூணாக நின்ற மோர்மன் திருச்சபை 2019 ஆம் ஆண்டின் இறுதியுடன் விலகிச் சென்றது. இவ்விடயத்தில் நமது வாசகர்களின் சமய நிலைப்பாடு எத்தகையது என்பதை நாம் அறிவோம். அதனை மாற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆனால் அதே காலத்தில் அங்கு நடந்த இன்னொன்றை எவரும் கவனியாது விடலாகாது. யாரைச் சேர்க்கக் கூடாது என நீதிமன்றங்களில் வாதாடிக்கொண்டிருந்த அமைப்பு, சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட தலைவர்களின் கோவைகளைப் பல தசாப்தங்களாக இரகசியமாக வைத்திருந்தது. அவற்றுள் 1,200 இற்கும் மேற்பட்டவை ஒரேகன் மாநில நீதிமன்ற உத்தரவின் பேரில் 2012 இல் வெளியாகின. 2020 பெப்ரவரியில் சங்கம் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியபோது 82,000 இற்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டு முன்வந்தனர். 246 கோடி டொலர் இழப்பீட்டுத் திட்டம் 2023 இல் நடைமுறைக்கு வந்தது. ஒழுக்கத்தின் பெயரால் வாசலைக் காத்தவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்களைக் கவனிக்கவில்லை. பாலமுனையில் ஒரு தாய், பிள்ளையை யாருடன் அனுப்புகின்றேன் எனக் கேட்பாளாயின், அது இவ்வரலாற்றை அறிந்தோர் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வியே. எந்தப் பெரியவரும் தனித்து ஒரு சிறுவனுடன் இருத்தலாகாது, இருவராவது உடனிருக்க வேண்டும் என்ற விதி இன்று பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகின்றது. பாடசாலையாயினும் குர்ஆன் மத்ரஸாவாயினும் அறநெறிப் பாடசாலையாயினும் இவ்விதி எங்கும் பொருந்தும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு பாசறையின் அறிவித்தல் பலகையிலும் எழுதப்பட வேண்டும்.

அங்கத்துவக் கொள்கை என்பது தெற்காசியாவில் முதலில் நிறத்தின் கேள்வியாகவே இருந்தது. பிரித்தானிய இந்தியாவில் தொடக்கத்தில் வெள்ளையரின் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுமே சாரணராக முடிந்தது. இதனைப் பொறாத அன்னி பெசன்ட் அம்மையார் 1916 ஆம் ஆண்டளவில் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதிச் சாரணர் இயக்கத்தை உருவாக்கினர். 1921 இல் பேடன் பவல் இந்தியா வந்த பின்னரே கதவு திறந்தது. தென்னாபிரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 1936 முதல் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என நான்கு சங்கங்கள் தனித்தனியே இயங்கின. நேட்டாலில் குடியேறிய தமிழரின் பிள்ளைகள் இந்தியர் சங்கத்திலேயே சேர முடிந்தது. 1977 இலேயே இவை ஒன்றாயின.

இலங்கையில் எந்தப் பிள்ளையையும் இனத்தாலோ சமயத்தாலோ விலக்கும் விதி கிடையாது. ஆயினும் நமது குழுக்களைப் பார்த்தால், அவ்வாறான விதியொன்று இருப்பது போன்றே தோன்றும். காரணம் வெளிப்படையானது. இங்கு சாரணியம் பெரும்பாலும் பாடசாலை வழியாகவே இயங்குகின்றது. பாடசாலைகளோ தமிழ், முஸ்லிம், சிங்களம் எனப் பிரிந்து நிற்கின்றன. நிந்தவூர்ச் சாரணன் முஸ்லிம். அடுத்த ஊரான காரைதீவின் சாரணன் தமிழன். இருவரும் ஒரே மொழியில் ஒரே வாக்குறுதியை மொழிகின்றனர். ஆனால் ஒரே அணியில் நிற்பதில்லை. விடுமுறையும் இவர்களைப் பிரிக்கின்றது. முஸ்லிம் பாடசாலைகள் நோன்பை அனுசரித்துத் தனி நாட்காட்டியில் இயங்குவதால், ஒரு சாராருக்கு வசதியான பாசறைத் தேதி மற்றவருக்குப் பாடசாலை நாளாகிவிடுகின்றது.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் கொத்து ரொட்டியில் கருத்தடை மருந்து என்ற வதந்தி கலவரமாயிற்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் சாய்ந்தமருதில் நடந்தவற்றால் முழுச் சமூகமும் சந்தேகக் கண் கொண்டு பார்க்கப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகப் பிரச்சினையில் தமிழரும் முஸ்லிம்களும் எதிரெதிரே நின்றனர். இத்தகைய மாவட்டத்தில் மூன்று சமூகத்துப் பிள்ளைகள் ஒரே கூடாரத்தின் கயிற்றைப் பிடித்து இழுப்பது சாதாரண விடயமன்று. 2016 இல் யாழ்ப்பாணத்திலும் 2024 இல் திருகோணமலையிலும் நடைபெற்ற தேசிய ஜம்போரிகள் அதற்கான வாய்ப்பை வழங்கின. ஆனால் தேசிய ஜம்போரி பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருகின்றது. அதற்குள் ஒரு பிள்ளை சாரணப் பருவத்தையே கடந்துவிடுவான்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் நமது நாட்டில் வழி இலகுவானது. 1917 இல் கண்டியில் தொடங்கிய பெண் சாரணியம் தனியான அமைப்பாகவே வளர்ந்துள்ளமையால், ஆண் பெண் கலப்பு என்ற அச்சத்துக்கு அங்கு இடமில்லை. உடை ஒரு தடையென இன்னும் கூறுவோர், உலகின் மிகப் பெரிய சாரணர் அமைப்பு முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்தோனேசியாவின் பிரமுகா என்பதையும், அங்கு தலைமறைப்பு அணிந்த பெண் பிள்ளைகள் சீருடையில் சாரணியராக இருப்பதையும் அறிய வேண்டும். ஹஜ் காலத்தில் மக்காவிலும் மினாவிலும் வழிதவறும் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டுவோரில் சவூதி அரேபியச் சாரணர்களும் உள்ளனர். ஹஜ் செய்து திரும்பிய நமது ஊரவர் பலர் அவர்களை நேரில் கண்டிருப்பர்.

எனவே செய்ய வேண்டியவை பெரும் கொள்கை மாற்றங்கள் அல்ல. மாவட்டப் பாசறைகளின் தேதி இரு நாட்காட்டிகளையும் ஒப்புநோக்கித் தீர்மானிக்கப்பட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் ஐவேளைத் தொழுகைக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும், இந்துப் பிள்ளைகளின் வழிபாட்டுக்கும் நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். சமையல் ஹலாலாகவும், மாட்டிறைச்சி இன்றியும் அமையுமாயின் எல்லோரும் ஒரே பந்தியில் அமரலாம். மரக்கறிச் சமையல் இன்னும் இலகு. பெண் சாரணியத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் போதிய அளவில் வேண்டும். அதற்கு வலயக் கல்வி அலுவலகங்கள் நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் போதுமானது. அடுத்த மாவட்டப் பாசறையில் அணிகளைப் பாடசாலை வாரியாகப் பிரிக்காமல், நிந்தவூரும் காரைதீவும், பாலமுனையும் திருக்கோவிலும் கலந்த அணிகளாக அமைத்துப் பார்க்கலாம். இதற்கு எவரது அனுமதியும் தேவைப்படாது. சாரண ஆசிரியர்கள் சிலர் ஒரு மாலைப்பொழுதில் கூடிப் பேசினால் போதும்.