குடம் சுமப்பவருக்குப் பட்டா உண்டா?

பாலாற்றைப் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பதிவும் உண்டு. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 மாசடைந்துவிட்டன. குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் பல மைல் நடக்க வேண்டியிருக்கிறது என்கிறது அது.

நடப்பவர் யாரென்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனால், இழப்பீடு ‘பாதிக்கப்பட்ட தனிநபர்களுக்கும் குடும்பங்களுக்கும்’ உரியது என்றே வகுக்கப்பட்டது. கேட்பதற்கு நடுநிலையான சொற்கள். நடைமுறையிலோ, விளைநிலத்தின் சேதத்தைப் பட்டாவைக் காட்டி மெய்ப்பிக்கலாம். தண்ணீர் சுமந்த காலத்துக்குப் பட்டா ஏது?

பொதுமை நீதிக் கோட்பாடுகள் மீதான பெண்ணிய விமர்சனத்தின் மையம் இதுவே. ‘நீதிக் கோட்பாடு’ (1971) நூலில் ஜான் ரால்ஸ், தம் வர்க்கமும் தகுதியும் தமக்கே தெரியாதபடி ‘அறியாமைத் திரை’க்குப் பின் நின்று மக்கள் விதிகளை வகுப்பதாகக் கற்பனை செய்தார். அப்படி நிற்பவர்களைக் குடும்பத் தலைவர்களாக அவர் கருதியதை 1989இல் சூசன் மோலர் ஓகின் சுட்டிக்காட்டினார். தலைவருக்கு நீதி கிடைத்தால் வீட்டிலுள்ள அனைவருக்கும் கிடைத்துவிடும் என்ற அனுமானம் பிழையானது. உழைப்பும் பணமும் உணவும் வீட்டுக்குள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. யாரோ ஒரு பொது மனிதரை மட்டுமல்ல, குறிப்பிட்ட வாழ்வும் தேவையும் கொண்டவரையும் நீதி காண வேண்டும் என்றார் செய்லா பென்ஹபீப்.

ஆளுக்கொரு நீதி கேட்டால் பொது நீதி சிதையாதா என்ற ஐயம் எழலாம். ஓகின் திரையைக் கிழிக்கவில்லை. தாம் ஆணா பெண்ணா என்பதும் தெரியாத அளவுக்கு அதை முழுமையாக்கச் சொன்னார். குடம் தம் இடுப்பிலும் ஏறக்கூடும் என்று அஞ்சுபவர், பட்டாவை மட்டுமே அளவுகோலாக்கும் விதிக்கு ஒப்புவாரா?

ஆம்பூரில் காலணியின் மேற்பாகத்தை வீட்டில் தைத்துத் தரும் பெண்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் அவர்களின் வீட்டுவாசலைத் தொழிற்சாலைச் சட்டம் தாண்டியதில்லை. வீட்டிலிருந்து உழைப்போருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையும் 1996இல்தான் உருவானது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் மீண்டும் இழப்பீட்டை வலியுறுத்தி, கண்காணிப்புக் குழு அமைக்கவும் பணித்தது. அக்குழு நீரையும் மண்ணையும் அளப்பதோடு நிற்கக் கூடாது. நீர் சுமந்த நேரம், இழந்த கூலி, நோயாளிகளைப் பேணிய உழைப்பு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்து, உரிய தொகையைப் பெண்களின் வங்கிக் கணக்கிலேயே சேர்க்க வழிசெய்ய வேண்டும். இது சலுகை அன்று. 1996இல் பதிவான உண்மைக்குச் செலுத்தப்படாத கடன்.