மனநல மாத்திரை சாப்பிடும் போலீஸ், குழந்தை வழக்கை விசாரிக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

வெப் சீரிஸ்ல அடிக்கடி பார்க்குற கதைதான். தூக்கமில்லாம, மாத்திரை போட்டுக்கிட்டு சுத்துற ஒரு போலீஸ் அதிகாரி. ஆபத்தில் ஒரு குழந்தை. அவரை யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா கடைசியில் குழந்தையைக் காப்பாத்துறது அவர்தான். சரி, நிஜத்தில் அப்படி ஒருவர் விசாரணை நடத்த முடியுமா? நாமக்கல் மாவட்ட வழக்குகளில் இருந்தே பார்ப்போம்.

ராசிபுரத்தில் என்ன நடந்தது?

2019 ஏப்ரலில் ஒரு ஆடியோ வாட்ஸ்அப்பில் பரவியது. குழந்தை ஆணா பெண்ணா, நிறம் என்ன என்பதைப் பொறுத்து விலை சொன்னது ஒரு பெண் குரல். 30 வருஷமா இந்த வேலை செய்வதாகவும் அந்தக் குரல் சொன்னது. ராசிபுரத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் கைதானார். கொல்லிமலையில் வேலை பார்த்த ஆம்புலன்ஸ் டிரைவரும் சிக்கினார். வழக்கு சிபிசிஐடி-க்குப் போனது. 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டிலும் இதேபோன்ற புகாரில் அரசு மருத்துவர் ஒருவரும் பெண் புரோக்கர் ஒருவரும் கைது செய்யப்பட்டனர்.

இந்த மாதிரி வழக்கில் சேஸிங் சீன் எல்லாம் கிடையாது. பிறப்புப் பதிவேடுகளை வரிவரியாகச் சரிபார்க்கணும். வறுமையில் குழந்தையைக் கொடுத்த தாயிடமும், வாங்கி வளர்த்தவரிடமும் பேசணும். இதையெல்லாம் கேட்கிற அதிகாரியின் மனசும் கல் இல்லையே.

போலீஸுக்கும் மனநோய் வருமா?

வரும். கோவை சரக டிஐஜி விஜயகுமார் 2023 ஜூலை 7-ம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் ஓசிடி, மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்து வந்ததாக அப்போதைய சட்டம் ஒழுங்கு ஏடிஜிபி அருண் தெரிவித்தார். பெரிய பதவியில் இருப்பவருக்கும் இது வரும் என்பதை அன்று தமிழ்நாடே பார்த்தது.

நோய் இருந்தால் வேலை போய்விடுமா?

இல்லை. ஒருவருக்கு மனநோய் இருப்பதாலேயே அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருதக்கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். அப்படி அறிவிக்க நீதிமன்றத்தால்தான் முடியும். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டால், அந்தக் காரணத்துக்காக அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு. மனநோயால் ஏற்படும் மாற்றுத்திறனும் இதில் அடங்கும். ஆனா சில பதவிகளுக்கு அரசு விலக்கு அளிக்கவும் இதே சட்டத்தில் இடமிருக்கு.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஓசிடி, மன அழுத்தம் இருந்த சிஆர்பிஎஃப் அதிகாரி ஒருவர் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. வேறு பணிக்கு மாற்றினாலும் சம்பளம் குறையக்கூடாது என்றது. அதேசமயம், துப்பாக்கி தொடர்புடைய பணி கொடுப்பதா வேண்டாமா என்பதை நிர்வாகம் முடிவு செய்யலாம் என்றும் சொன்னது.

ஆக, மாத்திரை சாப்பிடுவது மட்டுமே ஒரு தகுதிக்குறைவு இல்லை. உடல்நிலை வேலைக்கு ஒத்துழைக்குதா என்பதுதான் கேள்வி. 'வெளிய தெரிஞ்சா கேவலம்' என்று சிகிச்சையே எடுக்காமல் வழக்கைத் தூக்கிச் சுமப்பதுதான் ஆபத்து. அதிகாரிக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

அப்போ குழந்தைக்கு யார் பொறுப்பு?

சினிமாவுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இங்கேதான். நிஜத்தில் குழந்தையின் பாதுகாப்பை ஒற்றை ஆளின் தோளில் சட்டம் வைக்கவில்லை.

* ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு குழந்தைகள் நல காவல் அலுவலர் இருக்கணும். மாவட்டத்துக்கு ஒரு சிறப்புச் சிறார் காவல் பிரிவும் இருக்கணும்.

* போக்சோ வழக்கில் குழந்தையிடம் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கணும். அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக்கூடாது.

* குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியர் போல குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே செய்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

* விசாரணையின் ஒவ்வொரு நாள் வேலையும் கேஸ் டைரியில் பதிவாகணும். அதனால் ஒரு அதிகாரி சிகிச்சைக்காக லீவில் போனாலும், அடுத்தவர் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

அதனால் விசாரணை அதிகாரி ஓய்வு கேட்டால், அது வழக்கைக் கைவிடுவது ஆகாது. சில நேரம் அந்தக் குழந்தைக்கு அவர் செய்யும் நல்லதே அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்க பகுதியில் குழந்தை விற்பனை, கொடுமை என்று சந்தேகம் வந்தால் 1098-க்கு போன் பண்ணுங்க. ஸ்டேஷனுக்குப் போனால் 'குழந்தைகள் நல காவல் அலுவலர் யாருங்க?' என்று முதலில் கேளுங்க. மனசு பாரமாக இருந்தால், நீங்க போலீஸாக இருந்தாலும் சரி, பொதுமக்களாக இருந்தாலும் சரி, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.