பேயா, நோயா?

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் 2005இல் தொடங்கிய ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட், திகில் படங்களுக்கும் விநோதப் படங்களுக்குமான திரைவிழா. 2023இல் அங்கே காட்டப்பட்ட கொரியப் படங்களில் ஒன்று 'ஸ்லீப்'. பாங் ஜூன்-ஹோவின் 'ஓக்ஜா'வில் உதவி இயக்குநராக இருந்த ஜேசன் யூவின் முதல் முழுநீளப் படம். கர்ப்பிணியான சூ-ஜினின் கணவன் ஹியூன்-சு ஓரிரவு தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, யாரோ உள்ளே வந்துவிட்டதாகச் சொல்கிறான். அடுத்து வரும் இரவுகளில் ரத்தம் வர முகத்தைச் சொறிகிறான். ஃப்ரிட்ஜைத் திறந்து பச்சை இறைச்சியைத் தின்கிறான். தூக்கக் கோளாறு என்கிறார் மருத்துவர். ஆவி பிடித்திருக்கிறது என்கிறாள், சூ-ஜினின் அம்மா அழைத்துவரும் குறிசொல்லி.

இந்தக் கேள்வி நமக்குப் பழையது. 1993இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்ரத்தாழ்', 2005இல் பி. வாசுவின் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தது. அதில் மனநல மருத்துவர் சரவணன் பேயோட்டும் சடங்கையே சிகிச்சையாக நடத்தி, பேய் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும் கங்காவை மீட்கிறார். அவளுக்கு வந்தது நோய்தான் என்ற தெளிவோடு எழுந்து வருகிறோம். 'ஸ்லீப்' அந்தத் தெளிவைத் தர மறுக்கிறது. ஹியூன்-சுவின் தொழில் நடிப்பு. இதை நினைவில் வைத்துக் கடைசிக் காட்சியைப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் விடை வேறு, மறந்துவிட்டவருக்குக் கிடைப்பது வேறு. அதற்குள் பயத்தின் திசையும் மாறிவிடுகிறது. இரவெல்லாம் விழித்திருந்து குழந்தையைக் காத்த சூ-ஜின், சுவரெங்கும் மந்திரத் தாள்களை ஒட்டி, அலுவலகக் கூட்டத்தில் பேசுவதுபோல ஸ்லைடு போட்டு ஆவி இருப்பதை நிரூபிக்கிறாள். அவளது வாதத்தில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. திகிலே அதுதான்.

பார்ப்பவரையே நீதிபதியாக உட்காரவைக்கும் இத்தகைய படத்துக்கு உரிய இடம் விழா அரங்கம் என்பது என் கட்சி. வீட்டில் சந்தேகம் முற்றும் நேரத்தில் படத்தை நிறுத்திவிடலாம், முடிவைக் கைபேசியில் தேடியும் பார்க்கலாம். ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட் நடக்கும் அலமோ டிராஃப்ட்ஹவுஸ் அரங்குகளில் பேசினாலோ கைபேசியில் செய்தி அனுப்பினாலோ எச்சரிப்பார்கள், மீறினால் வெளியேற்றுவார்கள். நியூஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் முதல் நாள் முதல் காட்சிக்கு விசிலடிக்கும் நமக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். அந்தக் கொண்டாட்டமும் நமக்கு வேண்டும். ஆனால் ஒரு முனகலுக்காகக் காது கொடுக்கச் சொல்லும் படத்துக்கு இந்த அமைதியும் வேண்டும். இன்னொன்று முக்கியம். 'ஸ்லீப்'பில் சிரிப்புக்கும் நிறைய இடமுண்டு. ஒரே காட்சியில் முன்வரிசை சிரிக்க, பக்கத்து இருக்கை உறைந்துபோனால், அவர்கள் வேறு தீர்ப்புக்குப் போய்விட்டார்கள் என்பது தெரிகிறது. நம் தீர்ப்பு ஆட்டம் காண்கிறது. ஆளில்லாத வீட்டில்தான் பயம் அதிகம் என்பவர்கள் திடுக்கிடலைச் சொல்கிறார்கள். அது உண்மை, ஆனால் விளக்கைப் போட்டால் போய்விடும். பிறர் முன்னிலையில் நம் நிச்சயம் கரைவது அப்படிப் போவதில்லை.

நோயைத் திகிலாக்குவது தவறில்லையா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் செயலற்றுக் கிடக்க வேண்டும். அந்தத் தடை தளர்ந்தால் கனவில் செய்வதை உடல் நிஜமாகச் செய்யும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடிபடவும் கூடும். மருத்துவம் அறிந்த, கட்டுப்படுத்தக்கூடிய கோளாறு இது. மருத்துவரையும் குறிசொல்லியையும் ஒரே தட்டில் வைக்கும் படம், சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களுக்குச் சாக்காகிவிடலாம் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஜேசன் யூ நோயாளியை அரக்கனாக்கவில்லை. தூக்கமின்றி, உதவிக்கு ஆளின்றிப் பராமரிப்பவள் எப்படிச் சிதைகிறாள் என்பதையே காட்டுகிறார். மேலை நாட்டுத் திகில் படங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி அது.

நியூஜெர்சிக்காரர்களுக்கு ஆற்றைத் தாண்டினால் நியூயார்க் ஆசியத் திரைவிழா, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் காம்ஃபெஸ்ட், டெக்சாஸில் ஆஸ்டின். ஒரு கொரியத் திகில் படத்துக்காவது இவற்றில் ஒன்றுக்குப் போய்வாருங்கள். முடிவை முன்கூட்டியே படித்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.